புற்றுநோய் அறுவை சிகிச்சைக் குறிப்புக்கு எதற்குத் தனிப் படிவம்?

சர்ஜன் தன் நடையில் பத்தியாக எழுதினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நிணநீர்க் கணுக்கள் என்பவை புற்றுநோய் பரவக்கூடிய சிறு முடிச்சுகள். "நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டன" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு, அடுத்து கீமோவை முடிவு செய்யும் மருத்துவர் என்ன செய்வார்?

அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரியின் புற்றுநோய் ஆணையம், 2020 தரநிலைகளில் சில அறுவைகளுக்குக் கேள்வி-பதில் வடிவக் குறிப்பைச் சேர்த்தது. மார்பகப் புற்றுநோயில் நோய் முதலில் பரவக்கூடிய நிணநீர்க் கணுவை, ஊசி வழியே செலுத்திய சாயம் அல்லது கதிரியக்கப் பொருளின் உதவியால் தேடி எடுக்கும்போது, சாயம் ஏறியவை, கதிரியக்கம் காட்டியவை, கையில் சந்தேகமாகத் தட்டுப்பட்டவை எல்லாம் எடுக்கப்பட்டனவா என்று தனித்தனியே பதிய வேண்டும். பெருங்குடல் என்றால் ரத்தக்குழாயை எங்கே கட்டினார்கள் என்பது முக்கியம்.

நுரையீரலுக்குத்தான் கெடுபிடி அதிகம், அது சரியும்கூட. நடுமார்பில் குறைந்தது 3 இடங்கள், நுரையீரல் வாயிலில் (மூச்சுக்குழாயும் ரத்தக்குழாய்களும் நுரையீரலுக்குள் நுழையும் இடம்) 1 இடம், இவற்றின் கணுக்கள் நோயியல் அறிக்கையிலேயே (அகற்றிய திசுவை ஆய்வகத்தில் பரிசோதித்துத் தரும் அறிக்கை) இருக்க வேண்டும். சர்ஜன் எழுதினால் மட்டும் செல்லாது.