இலங்கையில் உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகள் கம்பஸ் (பல்கலைக்கழக) முதல் வருடத்தில் ஏன் தடுமாறுகிறார்கள்?

பெரும்பாலும் அறிவுக் குறைவு இல்லை. பள்ளிப் பாடமும் கம்பஸ் பாடமும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்படாததுதான் காரணம். யாழ்ப்பாணத்தில் பௌதிகவியலைத் தமிழில் படித்த பிள்ளைக்கு ஆர்முடுகல், உந்தம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. விஞ்ஞான, பொறியியல் பீடங்களுக்குப் போனதும் விரிவுரை ஆங்கிலத்தில். என் முதல் விரிவுரையில் 'மொமென்டம்' என்று கேட்டதும் பேனா நின்றுவிட்டது. அது உந்தம்தான் என்று பிடிபடுவதற்குள் பலகையில் இரண்டு சமன்பாடு ஓடிவிட்டது.

கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கப்படும் இசட் புள்ளி, உயர்தரத்தின் 3 பிரதான பாடங்களில்தான் கணிக்கப்படுகிறது. பொது ஆங்கிலம் அதில் சேராது. ரியூசனுக்கு ஓடும் பிள்ளை அதைக் கைவிடுகிறது. பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சரி, என்ன செய்யலாம்? உயர்தர ஆசிரியரும் முதல் வருட விரிவுரையாளரும் ஒரே மேசையில் இருந்து இரு பாடத்திட்டங்களையும் அலகு அலகாக ஒப்பிட வேண்டும். 12ஆம் தரத்திலேயே கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் கரும்பலகையில் எழுதலாம். அதற்குச் செலவே இல்லை. அப்புறம், ஆய்வுகூட அறிக்கையைப் பிள்ளையே சொந்த வசனத்தில் எழுதட்டும். கடந்தகால வினாத்தாள் மட்டும் செய்து பழகிய கைக்குக் கம்பஸில் அடுத்த கஷ்டம் அதுதான்.