யாருக்குப் பரிந்துரைக்கிறோம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உடுமலைப்பேட்டையில் நாங்கள் பன்னிரண்டு பேர் மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை கூடுகிறோம். இப்போது என்ன வாசிக்கிறோம் என்று ஆளுக்கொரு புத்தகத்தைச் சொல்லிப் பரிந்துரைப்பதுதான் நிகழ்ச்சி. ஓராண்டில் எங்கள் நோட்டில் 130 தலைப்புகள் சேர்ந்துவிட்டன. ஆனால் ஒருவர் சொன்ன புத்தகத்தை இன்னொருவர் வாசித்து முடித்தது ஏழோ எட்டோதான். பலர் ஐம்பது பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் இரண்டு கூட்டங்களோடு நின்றுவிடுகிறார்கள். எங்கே தவறுகிறோம்? வாட்ஸப் குழுவில் பிடிஎஃப் பகிர்வது பற்றியும் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

க., உடுமலைப்பேட்டை

அன்புள்ள க.,

ஒரே மாலையில் பன்னிரண்டு தலைப்புகளைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு எதுவும் தங்காது. ஆனால் எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. உங்கள் கூட்டத்தில் எல்லாப் புத்தகமும் எல்லாருக்குமாகச் சொல்லப்படுகிறது. ‘அருமையான நாவல், அவசியம் வாசிக்கணும்’ என்பது புத்தகத்துக்குப் போடும் மதிப்பெண். கேட்கிறவர் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். நூலகர்களுக்காக எழுதப்பட்டவை என்றாலும் வாசகர் வட்டத்துக்கு இந்த இரண்டும் போதும்.

அதனால் புத்தகத்தைச் சொல்வதற்கு முன்னால் ஆளைக் கேளுங்கள். கடைசியாக எதை முடித்தீர்கள்? எதைப் பாதியில் வைத்தீர்கள்? முதல் கேள்விக்கு மரியாதைக்குரிய பெயர்கள் வரும். இரண்டாவதற்குத்தான் உண்மை வரும். வட்டார வழக்கு புரியவில்லை, பெயர்கள் குழம்புகின்றன, எழுத்து பொடியாக இருக்கிறது, பஸ்ஸில் வாசிக்கிறேன், தடிமனைக் கையில் பிடிக்க முடியவில்லை. இவ்வளவும் நியாயமான காரணங்கள். இதில் எது என்று தெரிந்துவிட்டால் எந்தப் புத்தகத்தைச் சொல்லக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

பரிந்துரைக்கும்போது கதையைச் சொல்ல வேண்டாம். எங்கே இடறும், அந்த இடத்தை எப்படிக் கடப்பது என்று சொல்லுங்கள். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் வந்த நாவல். தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்று என்ற பேச்சைக் கேட்டு வாங்குகிறவர்கள் அநேகம். முதல் அத்தியாயங்களிலேயே நிறுத்திவிடுகிறவர்களும் அநேகம். திறந்த உடனே சுமத்திராவில் மெடான் நகரத்துத் தெருவில் நிற்கிறோம். ஜப்பானியப் படை உள்ளே வருகிறது. டச்சுத் தெருப்பெயர்கள், மலாய்ச் சொற்கள், செட்டியார்களின் வட்டிக்கடை வழக்கு எல்லாம் விளக்கமில்லாமல் வந்து விழும். நினைவு திடீரென்று மதுரைக்கும் சின்னமங்கலத்துக்கும் தாவும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பேர் விடாமல் வாசிப்பார்கள். கதை நடக்கும் மெடானும் பினாங்கும் மலாக்கா நீரிணையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதை வரைபடத்தில் ஒரு தடவை காட்டுங்கள். மலாய்ச் சொற்களுக்கு நின்று பொருள் தேட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அப்படியும் தயங்குகிறவருக்கு, சிங்காரத்தின் முதல் நாவலான ‘கடலுக்கு அப்பால்’ இருக்கிறது. 1959இல் வந்தது, அளவில் சிறியது, கதை நேராகப் போகும். அதை முடித்தவருக்கு அந்த உலகம் பழகியிருக்கும்.

‘கோபல்ல கிராமம்’ வேறு வகை. கி. ராஜநாராயணன் வாய்மொழியாகக் கதை சொல்கிறார். கொங்குப் பக்கத்து வாசகருக்குக் கரிசல் சொற்கள் சில பிடிபடாமல் போகலாம். மௌனமாக வாசித்தால் தடுக்கும் வாக்கியம் வாய்விட்டு வாசித்தால் தானாகவே அவிழும். முதல் இரண்டு அத்தியாயங்களைக் கூட்டத்திலேயே ஒருவர் உரக்க வாசிக்கட்டும். மீதியை அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். தோப்பில் முகமது மீரானின் கடலோரத் தமிழுக்கும் இதே மருந்துதான்.

சினிமா பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை வேண்டும். ‘அசுரன்’ படத்துக்கு மூலமான பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. கொலை தொடக்கத்திலேயே நடந்துவிடும். அதன்பிறகு தகப்பனும் மகனும் ஒளிந்து திரிவதும், சமைத்துத் தின்பதும், பேசிக்கொள்வதும்தான் நாவல். படத்தின் சண்டையைத் தேடிப் போகிறவர் ஏமாந்து மூடிவைப்பார். ‘இதில் சண்டை குறைவு, காடும் சோறும் அதிகம்’ என்று சொல்லிக் கொடுங்கள்.

‘பொன்னியின் செல்வன்’ முடித்துவிட்டு ‘அடுத்து என்ன’ என்று கேட்டு வருகிறவரிடம் உடனே இன்னொரு பெரிய சரித்திர நாவலைத் தள்ளுவது நம்மிடம் உள்ள பழக்கம். அது 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரத்துக்கு இழுக்கும்படி முடியும். அந்த இழுப்புக்குப் பழகியவருக்குச் சிறிய அளவிலான, இன்றைய வாழ்க்கையைச் சொல்லும் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ மிகச் சிறியது. இரண்டு மூன்று நாளில் முடியும். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சமும் ஒரு பெண்ணின் வாழ்க்கையும். ‘பெரிதாக எதுவும் நடக்காது, வாக்கியத்தைக் கவனியுங்கள்’ என்ற ஒரு குறிப்பு போதும்.

பதிப்பைச் சொல்லாமல் தலைப்பை மட்டும் எழுதிவைப்பதும் தவறுதான். நாட்டுடைமையான நூல்களை, அதாவது அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கியவற்றை, யாரும் அச்சிடலாம் என்பதால் ஒரே நூல் பல பதிப்பகங்களில் கிடைக்கிறது. சிலவற்றில் பிழை மலிந்திருக்கும், சில சுருக்கப் பதிப்புகள், சிலவற்றில் செலவை மிச்சம்பிடிக்க எழுத்தைப் பொடியாக்கியிருப்பார்கள். புதுமைப்பித்தன் கதைகளைச் சொல்கிறவர் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த தொகுப்பு என்று சேர்த்துச் சொன்னால் கேட்பவருக்கு நம்பகமான மூலப்பாடம் கிடைக்கும். மொழிபெயர்ப்பென்றால் மொழிபெயர்ப்பாளர் பெயர் கட்டாயம். ‘ஆரோக்கிய நிகேதனம்’ என்று மட்டும் சொல்வது அரைகுறை. தாராசங்கர் பானர்ஜி எழுதி, த. நா. குமாரசாமி வங்கத்திலிருந்து தமிழாக்கியது என்று சொல்ல வேண்டும். அது பிடித்துப்போனவர் அடுத்து அதே மொழிபெயர்ப்பாளரின் இன்னொரு நூலைத் தேடிப் போவார். நல்ல வாசகர்கள் பலர் இந்த வழியில்தான் உருவாகிறார்கள்.

கூட்டத்தை இப்படி நடத்திப் பாருங்கள். மாதம் நான்கு பேர் மட்டும் பேசட்டும், ஆளுக்குப் பத்து நிமிடம். பன்னிரண்டு பேர் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை உங்கள் முறை வரும். தயாரிக்கவும் நேரம் இருக்கும். பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் புத்தகத்திலிருந்து அரைப் பக்கம் வாசிப்பதற்கு. நூறு பாராட்டுச் சொற்கள் செய்யாததை அந்த அரைப் பக்கம் செய்யும். மற்ற எட்டுப் பேர் ஒற்றை வாக்கியம் சொன்னால் போதும்: என்ன புத்தகம், எந்தப் பக்கம், எப்படிப் போகிறது. ‘84ஆம் பக்கம், சலிப்பாக இருக்கிறது’ என்று கூச்சமில்லாமல் சொல்ல இடம் கொடுங்கள். புதியவர்கள் நின்றுபோவதற்குக் காரணம், எல்லாரும் முடித்த புத்தகங்களைப் பற்றியே பேசுவதுதான் என்று நினைக்கிறேன். தங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது.

நோட்டில் தலைப்போடு பதிப்பு, யாருக்காகச் சொன்னது, பிரதி யாரிடம் இருக்கிறது என்ற மூன்றையும் எழுதுங்கள். இரவல் நான்கு வாரம், அடுத்த கூட்டத்துக்குக் கையில் வர வேண்டும். கிடைக்காத நூலை வாங்கச் சொல்லி ஊர் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். தனியாக ஒருவர் கேட்பதைவிடப் பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டுக் கேட்பதற்கு மதிப்பு அதிகம்.

பிடிஎஃப் விஷயத்தில் ஒரே அளவுகோல், உரிமை யாரிடம் என்பது. நாட்டுடைமையானவையும், ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்தவையும் தாராளமாகப் பகிரலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலும் இவை ஏராளம். ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையதளத்தைப் பாருங்கள். இன்று எழுதிக்கொண்டிருப்பவரின் நாவலை வருடி (ஸ்கேன் செய்து) பரப்புவது திருட்டு. சில நூறு பிரதிகள் அச்சிடும் பதிப்பாளருக்கு இருபது பிரதி குறைவதே பெரிய அடி.

இன்னொன்றும் உண்டு. வருடப்பட்ட பிடிஎஃப்பில் பக்கம் முழுக்க ஒரு படம். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும், ஒவ்வொரு வரிக்கும் விரலால் இழுக்க வேண்டும். 400 பக்க நாவலை அப்படி யாரும் வாசித்துவிட முடியாது. ஐம்பது பக்கத்தில் நிறுத்தியவர்களிடம், எதில் வாசித்தீர்கள், அச்சுப் பிரதியிலா கைப்பேசியிலா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.