உங்கள் பழைய சரித்திர நாவல்களை இப்போது திரும்பப் படித்தால் எதற்காக வெட்கப்படுவீர்கள்?

கேள்விக்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கிறது: பஞ்சத்தையும் குண்டுவீச்சையும் வைத்து வாசகரைச் சிரிக்கவைப்பது சரியா என்று. இரண்டுக்கும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் எழுதியது மொத்தம் மூன்று நாவல். மூன்றும் மெட்ராஸ் கதை, மூன்றிலும் யாராவது சாகிற இடத்தில் வாசகர் சிரித்துவிடுவார். முதலாவது எம்டன். 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்த ஜெர்மன் கப்பல் வந்து, துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. ஏறக்குறைய 130 குண்டு. செத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆனால் அடுத்த நாட்களில் ஊர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. இதை எழுதும்போது எனக்கு 31 வயது, ஓடுகிறவனைப் பார்த்துச் சிரிப்பதுபோல் சுலபமான வேலை கிடையாது. வண்டிக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டே நடுங்குகிறவர், செங்கல்பட்டு போய்த்தான் மாமியாரை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வருகிறவர், கிராமபோன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எழும்பூர் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் மிராசுதார் என்று அடுக்கினேன். எல்லாம் என் கற்பனை. அப்புறம், குண்டு போட்டவனை வையாமல் அவன் கப்பல் பெயரையே கெட்டிக்காரனுக்குப் பட்டமாகக் கொடுத்து 'அவன் எம்டன்டா' என்று சொல்லத் தொடங்கியது நம் ஊர்ச் சனம். அதுக்கு மேல் ஒரு வேடிக்கையை நான் அந்த 300 பக்கத்தில் எழுதவில்லை.

புத்தகம் வந்த வருஷம் நந்தனம் புத்தகக் காட்சியில் ஒரு பெரியவர் வந்தார். ராயபுரம். கையெழுத்து கேட்கவில்லை, நின்றபடியே சொன்னார்: "நல்லா இருக்கு தம்பி. எங்க தாத்தாவும் அன்னிக்கு ஓடினவர்தான். அம்மியைத் தூக்கிக்கிட்டு ஓடினார்." நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "போற ஊர்ல அம்மி யார் குடுப்பா? கல்யாணத்துக்கு வாங்கின அம்மி. குழவியைப் பாட்டி தூக்கிக்கிட்டாங்க."

பல வருஷம் கழித்துத்தான் அந்த அம்மி என்னை வந்து இடித்தது. என் மிராசுதார் முட்டாள், அவ்வளவுதான் அவரிடம் இருந்தது. அம்மி தூக்கியவர் முட்டாள் இல்லை, ஆனாலும் சிரிப்பு வருகிறது, வந்தவுடனே தொண்டையில் நின்றும்விடுகிறது. நான் எழுத நினைத்தது அதைத்தான், எழுதியது வேறு.

இரண்டாவது நாவல் பரவாயில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டதும் மெட்ராஸ் மறுபடி காலியானது. அப்போது மிருகக்காட்சிசாலை வண்டலூரில் இல்லை, சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கம் புலியெல்லாம் தெருவுக்கு வந்துவிடுமே என்று, மலபார் ஸ்பெஷல் போலீஸை வரவழைத்து அவற்றைக் கூண்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். ஜப்பான் விமானம் ஊருக்கு மேல் வந்தது ஒன்றரை வருஷம் கழித்து, 1943 அக்டோபரில். ஒரே ஒரு விமானம், சேதமும் சொல்லும்படி இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு எத்தனை மாதம் அலைந்தேன் என்று கேட்காதீர்கள், ஆனால் கதைக்குத் தேவையானது இந்த நாலு வரிதான்.

இதில் என் தப்பு வேறு மாதிரி. செத்த சிங்கத்தைக் கணக்கில் 'தேய்மானம்' என்று எழுதுவதா 'செலவு' என்று எழுதுவதா என்று மூன்று மாதம் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கும் ஒரு கார்ப்பரேஷன் குமாஸ்தாவைப் படைத்தேன். முழுப் பொய். அந்தப் பொய் ஒருநாள் 'உங்களுக்குத் தெரியுமா?' என்ற தலைப்போடு எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கே வந்து சேர்ந்தது, என் பெயர் இல்லாமல். அனுப்பியவர் என் சித்தப்பா. அது நான் எழுதியது சித்தப்பா என்றால், "நீ எதைத்தான் சொந்தமா எழுதின" என்கிறார். சரித்திர நாவலில் சிரிப்பு நன்றாக அமைந்துவிட்டால் அதுவே ஆதாரமாகிவிடும் அபாயம் உண்டு. இப்போதென்றால் பின்னுரையில் எது கயிறு, எது பாம்பு என்று சொல்லிவிடுவேன்.

சரி, பஞ்சம். அதுதான் மூன்றாவது நாவல். 1876-78ன் தாது வருஷப் பஞ்சத்தை எழுதப் போனபோது வேடிக்கையாக எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. பதிவேட்டிலேயே அது இருந்தது. ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி 1874ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து ஜனங்களைச் சாகாமல் காப்பாற்றினார். அதற்காகத் திட்டு வாங்கினார், இவ்வளவு செலவா என்று. அந்த அவமானத்தோடு 1877ல் மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தவர், இந்தத் தடவை சிக்கனமாக இருந்து பெயர் வாங்கிவிடுவது என்று தீர்மானித்துவிட்டார். நிவாரண வேலையில் நாளெல்லாம் மண் சுமக்கிற ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று ஒரு அளவு வைத்தார். சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் எதிர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி, சுமார் 8 கிலோமீட்டர், அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டியதுதான். பறக்கும் ரயிலில் மயிலாப்பூர் தாண்டும்போது மூக்கைப் பொத்துகிறோமே, அது.

டெம்பிளைப் பற்றி நான் ஒரு கேலி வரிகூடச் சேர்க்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னேன், வாசகர்கள் சிரித்துவிட்டு எனக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார்கள். அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: பசித்தவனைப் பார்த்துச் சிரிக்கவைத்தால் தப்பு, அவனுக்குத் தானியம் அளந்தவனைப் பார்த்து என்றால் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. முதல் நாவலில் நான் செய்தது தப்புதான்.

அந்த முதல் நாவலில் விற்காமல் கட்டிலுக்கடியில் கிடந்த பிரதிகள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊறிப்போயின, ஆகவே அது இப்போது எங்கும் கிடைக்காது. போன மாதம் பதிப்பாளர் மறுபதிப்பு போடலாமா என்று கேட்டார். கிராமபோனை எடுத்துவிட்டு அம்மியை வைத்தேன். மிராசுதாரும் போய்விட்டார், அவர் இடத்தில் ராயபுரத்துக்காரர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு சொல்லை மாற்றுகிற வேலை என்று நினைத்தால் 11 பக்கம் திருப்பி எழுத வேண்டியதாகிவிட்டது. விழுப்புரத்தில் ரயில் நின்றதும் கூட்டமே அந்தக் கிராமபோனைச் சுற்றி நின்று பாட்டுக் கேட்கும். அம்மியை வைத்துக்கொண்டு அந்த இடத்தில் என்ன செய்வது?