ஒரு சொல்லால் மன்னித்திருக்கலாமே: மனுவுருவாதலும் சிலுவைப் பலியும் பற்றி ஒரு மறையாசிரியைக்குப் பதில்

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரப் பங்கு ஒன்றில், உறுதிபூசுதலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கிறேன். தவக்காலத்தில் ஒரு மாணவன், "கடவுள் எல்லாம் வல்லவர் என்றால் ஒரு சொல்லாலே எங்களை மன்னித்திருக்கலாமே, ஏன் மனிதனாகப் பிறந்து சாக வேண்டும்?" என்று கேட்டான். தாய்வழியில் சைவக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பிள்ளை, "இதுவும் அவதாரம்தானே ரீச்சர்" என்றாள். 2009 இல் உறவுகளைப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளை ஒன்று, "அவர்களையும் கடவுள் பலியாகக் கேட்டாரா?" என்று கேட்டபோது என்னால் வாய் திறக்க முடியவில்லை. இவற்றை எப்படி விளக்குவது?

பதில்: மூன்றாவது கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லை, கடவுள் அவர்களைக் கேட்கவில்லை. அடுத்த வகுப்பிலேயே அந்தப் பிள்ளையிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். கிறிஸ்தவ விசுவாசம் ஏன் அப்படிச் சொல்கிறது என்பதை விளங்கிக்கொள்ள மற்ற இரண்டு கேள்விகளும் தேவைப்படுகின்றன. பிறப்பை ஒரு பாடமாகவும் சாவை இன்னொரு பாடமாகவும் பிரித்துப் படிப்பிக்கும் வழக்கத்தால்தான் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் வருகிறது என்பது என் எண்ணம். நத்தாரில் பாலகன் வருகிறார், பெரிய வெள்ளியில் ஒருவர் கொல்லப்படுகிறார், இடையில் என்ன தொடர்பு என்பது சொல்லப்படாமலே போய்விடுகிறது.

அவதாரம் பற்றிக் கேட்ட பிள்ளையைத் தவறென்று அடக்க வேண்டாம், ஏனெனில் அவள் கேட்டது நல்ல கேள்வி. வன்னியில் நம் அயலவர் பெரும்பாலும் சைவர்கள், சைவ சித்தாந்தமோ சிவபெருமான் கருவாய்ப்பட்டுப் பிறப்பதில்லை என்று உறுதியாகச் சொல்கிறது. அடியாருக்கு அருள்செய்ய அவர் திருமேனி கொண்டு தோன்றலாம், குருவாக வந்து ஆட்கொள்ளலாம், ஆனால் பிறப்பும் இறப்பும் அவருக்கு இல்லை. அவதாரங்களைப் பற்றி விரிவாகப் பேசுவது வைணவ மரபு. அறம் தாழும் காலந்தோறும் இறைவன் இறங்கி வந்து தீயோரை அழித்து நல்லோரைக் காக்கிறார் என்பது அதன் மையம். கிறிஸ்தவர்கள் சொல்வது இவ்விரண்டிலும் இருந்து வேறுபடுகிறது. கடவுளின் மகன் ஒரே ஒருமுறை, வரலாற்றின் ஒரு குறித்த காலத்தில், உரோமப் பேரரசின் ஆட்சிக்குட்பட்ட யூத நாட்டில் ஒரு பெண்ணின் வயிற்றில் பிறந்தார், பசித்தார், களைத்தார், அழுதார், தீயோரை அழிக்காமல் அவர்கள் கையால் இறந்தார். உயிர்த்த பிறகும் அந்த மனித உடலை அவர் களைந்துவிடவில்லை. யோவான் நற்செய்தியின் 20 ஆம் அதிகாரத்தில் தோமாவுக்குக் காட்டப்படுவது காயங்களோடு கூடிய உடல்தான். இவ்வேறுபாட்டை எந்தச் சமயத்தையும் தாழ்த்தாமல் சொல்ல முடியும், அப்படித்தான் சொல்லவும் வேண்டும். மடு மாதா திருவிழாவுக்கு நேர்த்தியோடு வரும் சைவ மக்களை நாம் எல்லோரும் அறிவோம்.

ஏன் முழு மனிதனாக வேண்டும் என்பதில் திருச்சபை ஆரம்பத்திலிருந்தே விட்டுக்கொடுக்காமல் நின்றது. இயேசு மனிதனைப் போலத் தோன்றினார், உண்மையில் துன்பப்படவில்லை என்று சொன்னவர்கள் முதல் நூற்றாண்டுகளிலேயே இருந்தார்கள். மகன் படைக்கப்பட்டவரே என்று ஆரியுஸ் என்ற குரு போதித்தபோது, 325 இல் ஆயர்கள் கூடிய நிசேயா பொதுச்சங்கம் அவர் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று அறிக்கையிட்டது. 451 இல் கல்சதோன் பொதுச்சங்கம், அவர் உண்மையான கடவுளும் உண்மையான மனிதருமாக, இரு இயல்புகளும் கலவாமலும் பிரியாமலும், ஒரே ஆளாக இருக்கிறார் என்று தெளிவுபடுத்தியது. இதைப் பண்டிதர்களின் வாதம் என்று பிள்ளைகள் நினைக்கக்கூடும், ஆனால் அதன் பின்னால் இருந்த கவலை மிகவும் நடைமுறையானது. நான்காம் நூற்றாண்டில் நசியான்சு நகர கிரகோரியார் அதைச் சுருக்கமாகச் சொன்னார்: மனித இயல்பில் எதை அவர் ஏற்கவில்லையோ அது குணமாக்கப்படவில்லை. நம் உடலை மட்டும் எடுத்து மனத்தை எடுக்கவில்லை என்றால் நம் மனம் மீட்கப்படாமல் நிற்கும், நம் சாவுக்குள் அவர் வரவில்லை என்றால் சாவு அப்படியே நிற்கும். ஷெல் விழும் நேரத்தில் வீதியில் நின்று "பயப்படாதே" என்று கூப்பிடுபவரும், பங்கருக்குள் இறங்கி நம்மோடு குந்தியிருப்பவரும் ஒருவரல்ல என்பது உங்கள் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எபிரேயர் திருமுகத்தின் 2 ஆம் அதிகாரம் இதையே சொல்கிறது: பிள்ளைகள் ஊனும் இரத்தமும் உடையவர்களாக இருப்பதால் அவரும் அவற்றில் பங்குகொண்டார், சாவின் மேல் ஆற்றல் கொண்டிருந்த அலகையைத் தம் சாவினாலே முறியடித்து, வாழ்நாளெல்லாம் சாவுக்கு அஞ்சி அடிமைப்பட்டிருந்தவர்களை விடுவித்தார். பிறப்பும் சாவும் அந்தப் பகுதியில் ஒரே மூச்சில் சொல்லப்படுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இனி அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். ஒரு சொல்லால் மன்னித்தால் போதாதா? மன்னிப்பு ஒரு சொல் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் பெரிதாக எதையும் மன்னிக்க நேராதவர்களாக இருப்பார்கள். தன் ஊரவன் ஒருவனால் காட்டிக்கொடுக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் சிறையிருந்தவர் அவனை மன்னிக்கிறார் என்றால், இழந்த ஆண்டுகள் திரும்பி வருவதில்லை. பழிவாங்கி அந்த நோவை மற்றவன் மேல் இறக்கிவைக்காமல் தானே அதைச் சுமக்கிறார். மன்னிப்பவரே செலவை ஏற்கிறார். மனிதரின் பாவம் உண்மையான கொடுமை, அதற்கு உண்மையான பலியாட்கள் இருக்கிறார்கள். அதைக் கடவுள் ஒரு சொல்லால் இல்லையென்று ஆக்கினால் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன நீதி? சிலுவையில் கடவுள் தீமையைச் சிறியதாக்கவும் இல்லை, அதன் செலவை இன்னொருவர் தலையில் கட்டவும் இல்லை. தாமே ஏற்றுக்கொண்டார். மனுவுருவாதல், அதாவது கடவுள் மனிதனாதல், இல்லாமல் இது நடக்க முடியாது, ஏனெனில் கடவுள் கடவுளாக மட்டும் இருந்தால் சாக முடியாது, மனிதன் மனிதனாக மட்டும் இருந்தால் எல்லோருடைய சாவையும் சுமக்க முடியாது. 1098 இல் எழுதி முடித்த தம் நூலில் கன்டர்பரிப் பேராயர் அன்செல்ம் இதைத்தான் தர்க்கமாக நிறுவ முயன்றார்.

பலி என்ற சொல்லைக் கேட்டதும் நம் பிள்ளைகளின் மனத்தில் வருவது சினங்கொண்ட தெய்வத்தை ஆற்றக் கொடுக்கும் காணிக்கை. இந்த எண்ணத்தை விவிலியத்தை வைத்தே திருத்தலாம். லேவியர் நூலின் 17 ஆம் அதிகாரம் 11 ஆம் வசனத்தில், உயிர் இரத்தத்தில் உள்ளது என்றும், பாவக்கழுவாய் நிறைவேற்றும்படி அந்த இரத்தத்தைப் பலிபீடத்தின் மேல் நானே உங்களுக்குத் தந்தேன் என்றும் கடவுள் சொல்கிறார். கொடுப்பவர் அவர், பெறுபவர்கள் மக்கள். பழைய ஏற்பாட்டுப் பலிக்குள்ளேயே கடவுளின் கொடை இருக்கிறது. பாவக்கழுவாய் நாளில் ஆண்டுதோறும் தலைமைக் குரு செய்தது ஒவ்வோர் ஆண்டும் திரும்பச் செய்யவேண்டியிருந்தது. கிறிஸ்துவோ ஒரேமுறை தம்மையே கொடுத்து அதை முடித்துவைத்தார் என்கிறது எபிரேயர் திருமுகம்.

தந்தை தம் கோபத்தைத் தீர்க்க மகனைக் கொன்றார் என்ற வாசகத்தை உங்கள் வகுப்பிலிருந்து முற்றாக நீக்கிவிடும்படி அழுத்திக் கேட்டுக்கொள்கிறேன். மூவொரு கடவுளை நம்புகிறவர்கள் அப்படிப் பேச முடியாது. சிலுவையில் தம்மைக் கொடுப்பவரும் கடவுள்தான். "என் உயிரை என்னிடமிருந்து யாரும் பறித்துக்கொள்வதில்லை, நானாகவே கொடுக்கிறேன்" என்ற பொருளில் யோவான் 10:18 இல் இயேசு பேசுகிறார். கடவுள் கிறிஸ்துவில் இருந்து உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று 2 கொரிந்தியர் 5:19 இல் பவுல் எழுதுகிறார். இந்த மீட்பு எப்படி நிகழ்ந்தது என்பதை விடுதலை விலை, ஈடுசெய்தல், சாவின் மேல் வெற்றி, நமக்குப் பதிலாகத் தண்டனை ஏற்றல் என்று பலவிதமாகப் பல காலத்து இறையியலாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். உங்கள் ஊரிலுள்ள பெந்தெகொஸ்தே சபைப் பிள்ளைகள் கடைசியாகச் சொன்னதையே அதிகம் கேட்டு வளர்ந்திருப்பார்கள். எந்தப் பொதுச்சங்கமும் இவற்றில் ஒன்றை மட்டும் கோட்பாடாக அறிக்கையிட்டதில்லை. "நமக்காகவும் நம் மீட்புக்காகவும்" என்றே நிசேயா விசுவாச அறிக்கை சொல்லி நிறுத்துகிறது.

இப்போது அந்த மூன்றாவது பிள்ளையிடம் திரும்புவோம். இயேசு ஒரேமுறை தம்மைக் கொடுத்தது எல்லோருக்கும் போதுமானது என்றால், அதற்குப் பிறகு கடவுள் கேட்கும் மனித உயிர் எதுவும் இல்லை. முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களைக் கொன்றது மனிதர்களின் ஆயுதங்கள். அந்தச் சாவுகளுக்குப் புனிதமான காரணம் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுப்பது, கொலைக்குக் கடவுளின் கையெழுத்தை வாங்கிக்கொடுப்பதாகும். 1544 இல் யாழ்ப்பாண மன்னனின் படையால் கொல்லப்பட்ட மன்னார் மறைசாட்சிகளைக்கூட நாம் போற்றுவது அவர்களுடைய நம்பிக்கையின் உறுதிக்காகத்தான். அவர்களுடைய குருதி கடவுளுக்குத் தேவைப்பட்டது என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆகவே அந்தப் பிள்ளையிடம் இரண்டு விடயங்களைச் சொல்லலாம். உன் உறவுகளின் சாவை அவர் விரும்பவில்லை. அவர்கள் இறந்த இடத்தில் அவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கவும் இல்லை, ஏனெனில் ஆட்சியாளர்களால் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களின் வரிசையில் அவரும் நிற்கிறார். இதற்கு மேல் "ஏன் தடுக்கவில்லை" என்று பிள்ளை கேட்டால், அந்தக் கேள்வியைப் பாவமென்று சொல்லிவிடாதீர்கள். "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைநெகிழ்ந்தீர்?" என்று சிலுவையில் கேட்டவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

வகுப்பு ஒழுங்கைப் பற்றி ஒரு சொல். இவற்றை ஒரே ஞாயிறில் முடிக்க முயலாதீர்கள். எபிரேயர் 2 ஆம் அதிகாரத்தை ஒரு நாளும், லேவியர் 17:11 ஐ யோவான் 10:18 உடன் சேர்த்து இன்னொரு நாளும் வாசியுங்கள், சிலுவைப்பாதை அதற்குப் பிறகு வரட்டும். உடக்குப் பாஸ் (சிலைகளைக் கொண்டு இயேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகம்) நடக்கும் ஊராக இருந்தால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன் இந்த இரண்டு வகுப்புகளையும் முடித்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அடியும் இரத்தமுமே அவர்கள் நினைவில் தங்கிவிடும். திருப்பலியில் இயேசு மறுபடி கொல்லப்படுகிறாரா என்றும் யாராவது கேட்கக்கூடும். இல்லை, அந்த ஒரே பலிதான் அங்கே நம் முன் பிரசன்னமாகிறது என்பது கத்தோலிக்கப் போதனை. சீர்திருத்த சபைகள் பெரும்பாலும் அதை நன்றியின் நினைவாகக் கொள்கின்றன. அந்தப் பலி ஒரேமுறை நிகழ்ந்தது, திரும்பத் தேவையில்லை என்பதில் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.