கழிவுநீர் இணைப்புக்குத் தடை: விலக்குக் கேட்டால் கிடைக்குமா?

கேள்வி: 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடி கட்டுவதற்காக மனை வாங்கிவிட்டோம். இப்போது அந்தப் பகுதியில் புதிய பாதாளச் சாக்கடை இணைப்பு தருவதையே நிறுத்திவிட்டார்கள். சுத்திகரிப்பு நிலைய விரிவாக்கம் முடியும்வரை தடை நீடிக்குமாம். வங்கிக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. விலக்குக் கேட்டு மனுப் போட்டால் கிடைக்குமா? மனுவில் என்ன எழுத வேண்டும்?

பதில்: வட்டி ஓடுவதை மனுவின் கடைசியில் ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட மனுக்களை மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்து பல ஆண்டுகள் படித்தவன் நான். நஷ்டக் கணக்கைப் பார்த்து மனம் இரங்கும், கை கையெழுத்துப் போடாது. விலக்குக் கொடுத்த அடுத்த பெருமழையில் தாழ்வான தெருவில் ஒரு வீட்டுக் குளியலறைக்குள் கழிவுநீர் எதிர்த்து ஏறினால், பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர்தான். அதனால் அவர் உங்கள் மனுவில் தேடுவது இதைத்தான்: இந்தக் கட்டடத்தால் எத்தனை லிட்டர் கூடும், அதை எங்கே குறைத்துத் தருகிறீர்கள்?

முதலில் தடை உத்தரவின் நகலை வாங்கிப் படியுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. நிரம்பிவிட்டது எது என்று அதில் இருக்கும். தெருவில் ஓடும் குழாயா, கழிவுநீரை ஏற்றி அனுப்பும் பம்பிங் ஸ்டேஷனா, சுத்திகரிப்பு நிலையமா? நிலையம் என்றால், வந்து சேரும் நீரின் அளவு மிஞ்சிவிட்டதா, அல்லது அதிலுள்ள கரிமச் சுமை (நீரில் கலந்து வரும் மக்கும் அழுக்கின் அளவு) மிஞ்சிவிட்டதா? ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு. குழாய் சிறியதாக இருக்கும் இடத்துக்குச் சரியான யோசனை, சுமை மிஞ்சிய நிலையத்திடம் எடுபடாது.

வழக்கமாக விலக்குக் கிடைக்கும் காரணங்கள் சிலவே. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில விதிகளை உதாரணமாகச் சொல்லலாம். தடை வருவதற்கு முன்பே கட்டட அனுமதி பெற்றவர்கள், ஏற்கெனவே இருந்த கழிவுநீர் வரத்துக்குப் பதிலாக வருபவர்கள், செப்டிக் டேங்க் பழுதாகி நோய் பரவும் நிலையில் உள்ள வீடுகள், மருத்துவமனை போன்ற பொதுத் தேவைகள் ஆகியவற்றுக்கு அங்கே வழி உண்டு. பிற இடங்களிலும் பட்டியல் ஏறக்குறைய இதேபோலத்தான் இருக்கும். புதிதாகக் கட்டும் அடுக்குமாடி இதில் எங்கும் பொருந்தாது என்று சோர்ந்துவிட வேண்டாம். உங்கள் மனையில் முன்பு ஏதாவது கட்டடம் இருந்ததா? நான்கு குடும்பங்கள் இணைப்போடு வாழ்ந்திருந்தால், அந்த நான்கு வீட்டு அளவைத் தொடர்ந்து பயன்படுத்தக் கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. பழைய கட்டண ரசீதுகளைத் தேடி எடுங்கள். இடித்த கையோடு இணைப்பை ரத்து செய்திருந்தால் கொஞ்சம் சிக்கல்தான்.

மீதி வீடுகளுக்கு ஈடு கட்ட வேண்டும். இங்கேதான் கெட்டிக்காரத்தனம் வேலை செய்யும். பழைய சாக்கடைகளில் ஓடுவதெல்லாம் கழிவுநீர் அல்ல. விரிசல் வழியே நிலத்தடி நீர் கசிந்து இறங்குகிறது. மழை பெய்தால் மொட்டைமாடித் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் சேர்ந்துகொள்கின்றன. அந்த வேண்டாத நீரை நீங்கள் உங்கள் செலவில் அடைத்துக் கொடுத்தால், காலியாகும் இடத்தில் உங்களுக்குப் பங்கு கேட்கலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நாளுக்கு 15,000 கேலனுக்கு மேல் (சுமார் 57,000 லிட்டர்) சேர்க்கும் புதிய இணைப்புகளுக்கு ஒன்றுக்கு நான்கு என்ற கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு கேலன் கூட்டினால் நான்கு கேலன் வேண்டாத நீரை நீக்க வேண்டும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லிட்டர் கழிவுநீர் என்று வைத்தால் 24 வீடுகளுக்கு 11,520 லிட்டர். ஒன்றுக்கு நான்கு என்றால் 46,080 லிட்டர். மலைப்பாக இருக்கிறதா? புகைச் சோதனையை ஒருமுறை நேரில் பாருங்கள். ஒரு மேன்ஹோலின் வாயில் விசிறியை வைத்துத் தீங்கற்ற வெண்புகையை உள்ளே செலுத்துவார்கள். சில நிமிடங்களில் தெருக்கோடியில் ஒரு வீட்டின் மழைநீர்க் குழாய் வழியாகக் கூரை விளிம்பில் புகை எழும். அந்தக் குழாய் சாக்கடையில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். 200 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 10,000 லிட்டர். இப்படி ஐந்து கூரைகளைக் கண்டுபிடித்து மழைநீர் வடிகாலுக்குத் திருப்பிவிட்டால் அந்த ஒரு மழையில் 50,000 லிட்டர் மிச்சம். ஆனால் இது மழை நாள் மிச்சம் மட்டுமே. வறண்ட நாளிலேயே நிலையம் நிரம்பி வழிந்தால் இதைக் காட்டிப் பயனில்லை. அப்போது குழாய்க் கசிவைத்தான் அடைத்தாக வேண்டும்.

குழாயோ பம்பிங் ஸ்டேஷனோதான் நெருக்கடி என்றால் இன்னொரு வழி உண்டு. பகலில் வருவதைத் தொட்டியில் தேக்கி, ஊர் தூங்கும் நேரத்தில் விடுவது. ஆறு மணி நேரத்தில் விட்டால் மணிக்கு 1,920 லிட்டர். இதில் இரண்டு விஷயங்களைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தேங்கிய கழிவுநீர் சில மணி நேரத்திலேயே அழுகிய முட்டை போல நாறும், ஆகவே காற்று செலுத்தும் ஏற்பாடு வேண்டும். அப்புறம், இரவில் மழை பிடித்துக்கொண்டால் பம்ப் தானாக நிற்க வேண்டும். தொட்டி குறைந்தது இன்னொரு நாள் அளவையும் தாங்க வேண்டும். இந்த இரண்டும் வரைபடத்தில் இல்லாத மனுவை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

லாரியில் ஏற்றி அனுப்புகிறோம் என்று எழுதாதீர்கள். லாரி போவது பெரும்பாலும் அதே நிலையத்துக்குத்தான். சொந்தமாகச் சுத்திகரித்துச் செடிகளுக்கும் கழிப்பறைக்கும் திருப்பி விடுவது உண்மையிலேயே வரத்தைக் குறைக்கும். ஆனால் தினமும் அதை ஓட்டப்போவது யார், குடியிருப்போர் கைக்கு மாறிய பிறகு செலவு யாருடையது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

விலக்குக் கிடைத்தால் ஆணையில் மூன்றைப் பாருங்கள்: எத்தனை லிட்டர், எந்தத் தேதிவரை, மனையை விற்றால் வாங்குபவருக்கும் செல்லுமா. வெறுமனே ‘இணைப்பு வழங்கலாம்’ என்றிருந்தால் அளவைக் குறிப்பிட்டுத் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

ஈடு கட்டும் வழியில் போவதாக இருந்தால், வேலைக்கு முன்னும் பின்னும் மழை நாளில் மேன்ஹோலில் ஓட்டத்தை அளந்து காட்ட வேண்டியிருக்கும். அளவுமானியை மழை தொடங்குவதற்கு முன்பே பொருத்திவிடுங்கள். இந்தப் பருவத்தைத் தவறவிட்டால் ‘முன்’ என்று காட்ட எண் இருக்காது. அடுத்த மழைக்காலம்வரை வேலையையே தொட முடியாது.