அண்ணனுக்கு மூச்சு திரும்பவில்லை, எனக்கு ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம், ஆரிய வைசியர். அண்ணனுக்குக் குடல்வால் ஆபரேஷன் முடிந்தும் மூச்சு வராமல் ஆறு மணி நேரம் வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். 'மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்றதோடு சரி. அடுத்த மாதம் எனக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். செய்துகொள்ளலாமா?

பதில்: தாராளமாகச் செய்துகொள்ளலாம், ஒரு ரத்தப் பரிசோதனை முடித்துவிட்டு.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சிக்கல் மயக்க மருந்தில் இல்லை, தொண்டையில் குழாய் விடுவதற்காகத் தசையைத் தளர்த்தப் போடுகிற ஸ்கோலின் ஊசியில் இருக்கும். அது ஐந்து பத்து நிமிடத்தில் கரைந்துவிட வேண்டும், கரைப்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி கிடையாது. அவர்களுக்கு மணிக்கணக்கில் நெஞ்சு அசையாது, அதுவரை மெஷினில் மூச்சு கொடுத்து, தூங்கவும் வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது. உங்கள் சமூகத்தில் இது அதிகம் என்பது வெறும் பேச்சு இல்லை, கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு 2006-ல் அதற்கான மரபணு மாற்றத்தையே சுட்டிக்காட்டியது. அண்ணனுக்கு இருந்தால் கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

டெஸ்ட்டின் பெயர் சீரம் கோலினெஸ்டரேஸ், ரத்தத்தில் அந்த நொதி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. பூச்சிமருந்து குடித்தவர்களுக்குப் பார்ப்பதும் இதைத்தான், அதனால் ஈரோட்டிலோ கோவையிலோ பெரிய லேப்களில் எடுத்துவிடலாம். ஆனால் இதையும் கேளுங்கள்: தோட்டம் இருந்து, வாழைக்கோ மஞ்சளுக்கோ சமீபத்தில் மருந்து அடித்திருந்தால் அளவு குறைவாகத்தான் காட்டும். நான் அடிக்கவில்லை, பக்கத்தில் நின்று கலக்கித்தான் கொடுத்தேன் என்பார்கள், அதுவும் கணக்குதான். லேப்பில் மறைக்காமல் சொல்லுங்கள், சில வாரம் தோட்டத்துப் பக்கம் போகாமல் இருந்து மறுபடி எடுங்கள். பிறவிக் குறை என்றால் அப்போதும் ஏறாது.

கையில் குத்திப் பார்க்கிற 'டெஸ்ட் டோஸ்' இதைக் காட்டவே காட்டாது, இது அலர்ஜியே இல்லை. அது சரியாக இருந்ததே என்று தைரியமாகப் படுத்துவிடாதீர்கள். வீடு தேடி வந்து ரத்தம் எடுக்கிற ஏஜென்ட்டுகள், 'பரம்பரை நோய்' என்று காதில் விழுந்தால் போதும், குடும்பத்துக்கே ஜீன் பேக்கேஜ் என்று ஆயிரக்கணக்கில் தலையில் கட்டுவார்கள். கமிஷன் அவர்களுக்கு. உங்களுக்கு இப்போது வேண்டியது அந்த ஒரு டெஸ்ட்தான்.

எனக்கு ஆத்திரம் வருவது டிஸ்சார்ஜ் சம்மரியில். ஆறு மணி நேரம் மெஷினில் கிடந்த மனிதருக்கு மருந்தின் பெயரை ஒரு வரி எழுத மாட்டார்களாம்! மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் எழுதிக் கொடுத்து மயக்க மருந்துக் குறிப்பின் நகலை வாங்குங்கள், இழுத்தடித்தாலும் விடாதீர்கள். அதை ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் காட்டிவிட்டால் ஸ்கோலினை விட்டுவிட்டு ரோகுரோனியம் போன்ற வேறு மருந்தைப் போடுவார்.

அப்புறம், வீட்டில் தங்கையோ அக்காவோ மாசமாக இருந்தால் இன்றைக்கே அவருடைய டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அவசர சிசேரியனில் முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால் பல இடங்களில் முதலில் கை போவது ஸ்கோலினுக்குத்தான்.