பழவேற்காட்டுக்கு ஒரு நாள் பயணம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (சூலூர்ப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி): வயதான மாமியாரையும் பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு போய்வர நினைக்கிறோம். டச்சுக் கோட்டை, படகு சவாரி, பூநாரைக் கூட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

பதில்: நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் ஒன்றுகூட பழவேற்காட்டுக்குப் போவதற்குத் தக்க காரணம் அல்ல. ஆனாலும் அவசியம் போய் வாருங்கள்.

1613இல் கட்டி முடிக்கப்பட்டு, 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக விளங்கிய கெல்திரியா கோட்டை, இன்று முட்செடிகள் மண்டிய மேடாகவும் அகழியின் எச்சமாகவும் மட்டுமே எஞ்சியிருக்கிறது. மதிலையும் பீரங்கியையும் எதிர்பார்த்து வரும் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். படகு சவாரியை அடியோடு மறந்துவிடுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்த குடும்பத்தினரை ஏற்றிச்சென்ற படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகே படகு சவாரிக்குத் தடை வந்தது. கரையில் யாரேனும் ‘ஒரு ரவுண்டு போய் வரலாம்’ என்று அழைத்தாலும் இசைய வேண்டாம். பூநாரையைத் தேடியோ நீங்கள் தெற்கே வரத் தேவையே இல்லை. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி உங்கள் ஆந்திரப் பக்கத்தில்தான் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியின் குறுக்காகவே செல்வதால், மழை ஓய்ந்த மாதங்களில் காலை வெயில் ஏறுமுன் சாலையோரம் நின்றாலே, முழங்கால் நீரில் தலையைக் கவிழ்த்து மேயும் கூட்டத்தைக் காணலாம்.

பழவேற்காட்டில் பார்க்க வேண்டியது அந்த ஊரைத்தான். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து தொடங்குங்கள். வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். பிள்ளைகளுக்குக் கோட்டை தராததை இந்த வாயில் தந்துவிடும். உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைப் பலகைகளில், குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும் கையால் தடவி உணரும் அளவுக்குப் புடைப்பாக வெட்டப்பட்டுள்ளன. துணி வணிகத்தால் செழித்த இந்தத் துறைமுகத்திலிருந்துதான், பஞ்சத்தில் நொடிந்த நம் மக்கள் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டு பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டார்கள் என்பதையும், புரிந்துகொள்ளும் வயதுப் பிள்ளையாக இருந்தால், அங்கேயே சொல்லிக்கொடுங்கள். அலங்காரமான கல்லறைகளைப் பார்த்து வியப்பதோடு திரும்பிவிடுவது எனக்கு உவப்பானதல்ல.

அடுத்து, செம்புரைக்கல்லால் எழுப்பப்பட்ட ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் சின்னஞ்சிறு இராமாயணச் சிற்பங்களைத் தேடிப் பாருங்கள். ஊரின் பள்ளிவாசல் ஒன்றில் தொழுகை நேரத்தைக் கணிக்கப் பயன்பட்ட சூரியக் கடிகாரம் உள்ளது. தொழுகை இல்லாத வேளையில், அங்குள்ள பெரியவர்களிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள். சூலூர்ப்பேட்டையிலிருந்து புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் செல்லலாம். மாமியார் உடன் வருவதால் முதல் வண்டியைப் பிடித்து, உச்சி வெயிலுக்குள் சுற்றி முடித்துவிடுவது நல்லது.

கேள்வி (தடாவிலிருந்து ஒரு வாசகர்): பழவேற்காட்டில் ஏரி இறால் வாங்கலாம் என்று போனால், சில சமயம் நல்ல இறால் கண்ணிலேயே படுவதில்லை. என்ன காரணம்?

பதில்: ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம்தான். இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் வந்து, ஆழம் குறைந்த உவர்நீரில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. மணல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்துபோனால் குஞ்சுகள் உள்ளே வர வழியில்லை. ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீரோடு கடல்நீர் கலப்பதும் தடைபட்டு, ஏரியின் உப்பும் நிலைமாறிவிடுகிறது. மீனவர்கள் ஆண்டுதோறும் முகத்துவாரத்தைத் தூர்வாரக் கேட்டுவந்தது இதனால்தான்.

இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. ஏரியில் யார் வேண்டுமானாலும், எங்கு வேண்டுமானாலும் வலை கட்டிவிட முடியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் ‘பாடு’ என்னும் முறை தலைமுறைகளாக வழங்கிவருகிறது. நல்ல இறால் படும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று வளமான இடம் பெற்றவர் மறுமுறை அதை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே ஒரே ஆளிடம் எப்போதும் பெரிய இறால் கிடைக்கும் என்று எண்ணாமல், விடியற்காலை ஏலத்தின்போது கரைக்குப் போய், கூடை கூடையாகப் பார்த்து வாங்குங்கள். நண்டு வாங்கும்போது, கட்டிய கயிற்றுக்குள்ளேயும் கால்களை அசைக்கிறதா என்று கவனியுங்கள். அசையாத நண்டு எத்தனை மலிவானாலும் வேண்டாம்.

கேள்வி (கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு வாசகி): அங்கே வாங்கிவரத் தக்க கைவினைப் பொருள் உண்டா?

பதில்: பனை ஓலைப் பெட்டிகள். அவ்வூர் இசுலாமியப் பெண்கள் சாயமேற்றிய ஓலையில் முடைவது. மூடியை இரண்டு மூன்று முறை போட்டு எடுத்துப் பாருங்கள்; இறுக்கமாக, ஓலை பிரியாமல் மூடினால் முடைச்சல் நேர்த்தியானது. இதில் பேரம் பேசுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.